திரையில் லயித்தல்: நடிப்பும் இயக்கமும்

கால் மரத்துப்போனதுகூடத் தெரியாமல் பார்ப்பவர் திரைக்குள் போய்விடும் நிலைக்கு லயிப்பு என்று பெயர். பேச்சு வழக்கில் ‘ஆளை உள்ள இழுத்துட்டான்’ என்பார்கள், ‘வாழ்ந்திருக்கான்யா’ என்பார்கள். இரண்டாவது பாராட்டு நடிகருக்குச் சேரும். முதலாவது யாருக்கு என்று சொன்னவருக்கே தெளிவாகத் தெரியாது. விமர்சனங்களில் நடிப்புக்கு ஒரு பத்தி, இயக்கத்துக்கு ஒரு பத்தி என்று பாகம் பிரிப்பது வழக்கம். திரையில் தெரியும் முகமோ அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. அது எந்தத் தூரத்திலிருந்து, எவ்வளவு நேரம், எதற்கு அடுத்ததாகக் காட்டப்படுகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அது நடிப்பாகிறது. லயிப்பின் காரணத்தைத் தேடிப் போனால், நடிகர் எதைச் செய்யாமல் விட்டார், இயக்குநர் எதைக் காட்டாமல் விட்டார், அங்கே பார்ப்பவருக்கு என்ன வேலை மிஞ்சியது என்ற இடத்துக்கே பெரும்பாலும் வந்து சேர வேண்டியிருக்கிறது.

இந்த விஷயத்தில் எல்லாப் பாடப்புத்தகங்களும் தொடங்கும் இடம் ரஷ்யா. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இயக்குநர் லெவ் குலெஷோவ், இவான் மொஸ்ஜூகின் என்ற நட்சத்திர நடிகரின் ஒரே குளோஸ்-அப்பை எடுத்து, ஓரிடத்தில் சூப் கிண்ணத்தோடும் இன்னோரிடத்தில் சவப்பெட்டியோடும் சேர்த்து ஒட்டினார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பார்த்தவர்களோ பசியையும் துக்கத்தையும் எவ்வளவு நுணுக்கமாகக் காட்டிவிட்டார் என்று நடிகரைப் புகழ்ந்தார்கள். அந்தப் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. சோதனையைப் பற்றி எழுதிய இயக்குநர் புதோவ்கினின் விவரிப்பும் குலெஷோவின் பிற்கால நினைவுகளும் எல்லா விவரத்திலும் ஒத்துப்போவதுமில்லை. என்றாலும் அடிப்படை உண்மையைத் தினமும் ஏதோ ஓர் எடிட்டிங் அறையில் சரிபார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதிலிருந்து ‘நடிகரே தேவையில்லை, வெட்டி ஒட்டினால் போதும்’ என்ற முடிவுக்குத் தாவுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குலெஷோவ் எடுத்தது வழியில் போனவரின் முகமல்ல, தேர்ந்த நடிகரின் முகம். எதையும் அழுத்திச் சொல்லாமல், அதே சமயம் செத்தும் போகாமல் ஒரு முகத்தைக் கேமரா முன் வைத்திருப்பது சுலபமான காரியமில்லை. புதிதாக நடிக்க வருபவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இயக்குநரின் பிடி எவ்வளவு தூரம் போகும் என்பதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உரி ஹாசனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி படம் பார்த்தவர்களின் மூளைகள் எவ்வளவு ஒத்து இயங்கின என்று கணக்கிட்டார்கள். ஹிட்ச்காக்கின் ஒரு தொலைக்காட்சிப் படம் ஓடியபோது மூளைப் புறணியின் சுமார் 65 சதவீதப் பரப்பு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி இயங்கியது. செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ (1966) 45 சதவீதம், ஒரு நகைச்சுவைத் தொடர் 18 சதவீதம். ஒரு பூங்காவில் கேமராவை வைத்துவிட்டு வெட்டாமல் பிடித்த காட்சிக்கு 5 சதவீதம்கூடத் தேறவில்லை. பார்ப்பவர்களைத் தன் பிடியில் வைத்திருப்பதாக ஹிட்ச்காக் அலட்டிக்கொண்டதில் சரக்கு இருந்தது என்று இதைப் படிக்கலாம். ஆனால் இந்த எண் படத்தின் தரத்தைச் சொல்லாது, ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே இடத்தைப் பார்ப்பது வேறு, பார்த்ததில் ஆளுக்கொன்றாக ஆழ்ந்துபோவது வேறு. ஒரு நல்ல படத்தின் முடிவில் தியேட்டரே அமைதியாக இருக்கும்போது, ஒவ்வொருவரும் வேறொன்றை நினைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

நடிகர் உள்ளே உணர வேண்டுமா, வெளியே காட்டினால் போதுமா என்பது கேமராவைவிடப் பழைய வழக்கு. பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோ 1770-களில் எழுதி, அவர் இறந்து வெகு காலம் கழித்து 1830-ல் அச்சான உரையாடல் நூலில், பெரிய நடிகருக்கு உணர்ச்சி கூடாது, நிதானம்தான் வேண்டும் என்று வாதிட்டார். நாட்டிய சாஸ்திரம் அபிநயத்தை நான்காகப் பிரித்து, கண்ணீர், மயிர்க்கூச்சு, குரல் தழுதழுத்தல் போன்றவற்றைச் சாத்விகம் என்று தனியே வைத்தது. மனம் ஒன்றாமல் இவை வராது என்பது அதன் கணக்கு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. உள்ளத்தில் எழுந்தது மெய்யில், அதாவது உடம்பில், படுவதுதான் மெய்ப்பாடு. சினிமாவைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஏனென்றால் கேமராவுக்கு உள்ளம் தெரியாது, மெய் மட்டுமே தெரியும். ரசக் கோட்பாட்டுக்கு உரை கண்ட காஷ்மீரத்து அபிநவகுப்தர் இன்னொன்றையும் சேர்த்தார்: மேடையில் இருப்பவரின் சொந்தத் துக்கமாக இருக்கும்வரை அது ரசமாகாது, யாருடையது என்ற விலாசம் கழன்று பொதுவாகும்போதுதான் பார்ப்பவர் அதைச் சுவைக்க முடியும். அழுகிற நடிகரைப் பார்த்துச் சில சமயம் நமக்குக் கண் கலங்காமல், ‘பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு அழுகிறார்’ என்று தோன்றுவதன் காரணம் இதற்குள் இருக்கிறது.

1898-ல் மாஸ்கோ கலை நாடக அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, தன் பிற்காலத்தில் உணர்ச்சியைத் துரத்துவதைக் குறைத்து, செயலைப் பிடிக்கச் சொன்னார். பாத்திரத்துக்கு இந்த நிமிடம் என்ன வேண்டும், அதை அடைய என்ன செய்கிறது என்பதில் நடிகர் கருத்தாக இருந்தால் உணர்ச்சி தானாகப் பின்னால் வரும் என்றார். இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று எலியா கஸானின் ‘ஆன் த வாட்டர்ஃப்ரன்ட்’ (1954). பூங்காவில் நடந்துபோகும்போது எவா மேரி செயின்ட் தன் கையுறையைத் தவற விடுகிறார். மார்லன் பிராண்டோ அதை எடுக்கிறார், ஆனால் திருப்பித் தரவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து, தூசியைத் தட்டி, பேசிக்கொண்டே அந்தச் சின்னக் கையுறையைத் தன் பெரிய கையில் மாட்டிக்கொள்கிறார். கையுறை அவரிடம் இருக்கும்வரை அந்தப் பெண் கிளம்ப முடியாது. வசனத்தில் காதல் என்ற பேச்சே இல்லை, கைகள் அதைப் பேசிவிடுகின்றன. கையுறை விழுந்தது தற்செயல் என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் அதை ‘கட்’ சொல்லி நிறுத்தாமல் ஓட விட்டதும், இருவரையும் ஒரே ஷாட்டில் வைத்துக் கையைத் தெரிய விட்டதும் இயக்குநரின் வேலை.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வருவது சுலபம். குறைத்துச் செய்வதே உயர்ந்த நடிப்பு, கூட்டிச் செய்தால் ‘ஓவர் ஆக்டிங்’ என்று தமிழ் விமர்சனம் பல காலமாகச் சொல்லி வருகிறது. ‘இயல்பான நடிப்பு’ என்பது யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கும் சான்றிதழாகிவிட்டது. சிவாஜி கணேசன் இந்த அளவுகோலுக்குள் அடங்குவதில்லை. சிறுவனாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, கடைசி வரிசைக்கும் குரல் போக வேண்டும் என்ற பயிற்சியில் வளர்ந்தவர் அவர். ‘பராசக்தி’ (1952) நீதிமன்றக் காட்சியில் குரலின் ஏற்ற இறக்கமே காட்சியின் கட்டுமானம். இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சு அந்தப் பேச்சுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கூண்டில் நிற்பவர் நீதிபதியிடம் பேசுகிறாரா, தியேட்டரில் இருப்பவரிடம் பேசுகிறாரா என்பது தெரிந்தே அழிக்கப்பட்டிருக்கிறது. 1952-ல் அதைக் கேட்டவர்கள் லயித்தது ஒரு சாதாரண மனிதனைப் பார்த்ததால் அல்ல, தங்கள் மொழி அந்த உயரத்துக்குப் போவதைக் கேட்டதால். அந்தப் படம் அமைத்துக்கொண்ட உலகத்துக்குள் அந்தக் குரல் இயல்பானதே. பக்கத்தில் ஒருவர் டீக்கடையில் பேசுவதுபோலப் பேசியிருந்தால்தான் அது இடித்திருக்கும்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே உடம்பைப் பாரதிராஜா ‘முதல் மரியாதை’யில் (1985) வேறு விதமாகப் பயன்படுத்தினார். ஊர்ப் பெரியவர் மலைச்சாமி, ஆளில்லாத நேரம் பார்த்து இளவட்டக்கல்லைத் தூக்கிப் பார்க்கும் காட்சியில் வசனத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. வயதான ஒரு மனிதர் மூச்சைப் பிடித்துக் கல்லை நெஞ்சுவரை ஏற்றுகிறார். சிறுபிள்ளைத்தனமான ஆசை, அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் இரண்டும் முதுகிலும் தோளிலும் தெரிகின்றன. மேடைப் பயிற்சி அங்கே காணாமல் போகவில்லை. குரலிலிருந்து இறங்கித் தசைக்குப் போயிருக்கிறது. நடிகரை மாற்றுவது இயக்குநரின் வேலையல்ல, அவரிடம் இருப்பதில் எதைத் திறந்து எதை மூடுவது என்று முடிவு செய்வதே அவர் வேலை என்பதற்கு இந்த இரண்டு படங்களும் அருகருகே வைத்துப் பார்க்கத் தக்கவை.

பேச்சைக் குறைத்து லயிப்பைக் கூட்டியவர்களில் மகேந்திரன் தனித்துத் தெரிவார். ‘தங்கப்பதக்கம்’ (1974) போன்ற வசனம் ஓங்கி ஒலித்த படத்தை எழுதியவரே அவர் என்பது இதில் சுவையான விஷயம். வசனத்தின் பலம் தெரிந்தவர்தான் அதை விலக்கினார். ‘முள்ளும் மலரும்’ (1978) முடிவில், தங்கையின் கல்யாணத்துக்கு ஒப்புக்கொள்ளும் காளி, மாப்பிள்ளையை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டே அனுப்புகிறான். திருந்துகிற அண்ணனாக்கிக் கைதட்டல் வாங்க எல்லா வசதியும் இருந்த இடம் அது. ரஜினிகாந்தின் முகத்தில் தங்கை தன்னிடம் ஓடி வந்ததன் பெருமிதமும் தோற்றுப்போகாத வீம்பும் ஒன்றாக நிற்கின்றன. எதை நம்புவது என்று பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். ‘உதிரிப்பூக்க’ளில் (1979) இது இன்னும் கடுமையானது. ஊரே சேர்ந்து சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறங்கச் சொல்லும் கடைசிக் காட்சியில் அந்தப் பாத்திரமாக நடித்த விஜயன் கத்துவதில்லை, கெஞ்சுவதில்லை. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேனே என்ற பொருளில் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடக்கிறார். அவ்வளவு நேரம் அவனை வெறுத்த பார்வையாளரின் கையில் அந்த வெறுப்பு அப்படியே நின்றுபோகிறது.

பாலு மகேந்திரா ‘வீடு’ (1988) படத்தை இயக்கி, ஒளிப்பதிவு செய்து, படத்தொகுப்பும் செய்தார். பாட்டு கிடையாது. நாடக மேடையிலிருந்து வந்த சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக நடித்தார். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அவர் தனியாகப் போகும் காட்சியில் அவரிடம் கேட்கவோ சொல்லவோ ஆளில்லை. கதவு வைக்காத வாசல், பூசாத சுவர். அவர் உள்ளே போகிறார், நிற்கிறார், சுவரைத் தொட்டுப் பார்க்கிறார், அடுத்த அறைக்குப் போகிறார். கேமரா அவருடைய நடையின் வேகத்துக்குத் தன்னை இறக்கிக்கொள்கிறது. இளையராஜாவின் இசை மட்டும் கூட வருகிறது. சந்தோஷம் என்று முகத்தில் எழுதி ஒட்டவில்லை. வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவர் சொந்தச் செங்கல்லைத் தொடும்போது என்ன நினைப்பார் என்பதைப் பார்ப்பவர் தன் வீட்டுப் பெரியவரின் கையை நினைத்து நிரப்பிக்கொள்கிறார். அதன் பிறகு வரும் அவருடைய மரணத்துக்குப் படம் தனியாக ஒப்பாரி வைக்கத் தேவைப்படவில்லை.

விலக்கி வைப்பது மௌனத்தோடு முடிவதில்லை. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) நெடுநாள் கழித்து ஊர் திரும்பும் அப்பா, மகள் இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கி வந்த சேலையை எடுத்துக் காட்டுகிறார். அதைக் கையில் வாங்கும் தாய் உடைந்துபோகிறாள். கருணா பானர்ஜியின் வாய் திறக்கிறது, அழுகைச் சத்தம் வரவில்லை. அதற்குப் பதில் தார்ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் உச்சத்தில் கதறுகிறது. நடிகை உண்மையிலேயே அழுத அழுகையை இயக்குநர் எடுத்துவிட்டார் என்றால் அது நடிப்புக்குச் செய்த அநியாயம்போலத் தோன்றும். கேட்டுப் பார்த்தால் நேர்மாறு: ஒரு தாயின் அழுகையாக இருந்தது விலாசம் கழன்று எல்லோருடையதாகிவிடுகிறது. அபிநவகுப்தர் சொன்னதை ராய் ரீரெக்கார்டிங்கில் செய்து காட்டியிருக்கிறார் என்று சொன்னால் மிகையாகாது.

யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) இன்னொரு வழி. கேமரா தரையில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்துக்கும் கீழே, அசையாமல் இருக்கும். எழுபது வயதுத் தந்தையாக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. வாழ்க்கை ஏமாற்றம்தானே என்று நாத்தனார் கேட்க, மருமகளாக நடித்த செட்சுகோ ஹாரா புன்னகையோடு ஆமாம் என்கிறார். வார்த்தை ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமும் இழுக்க, இரண்டுக்கும் நடுவே பார்ப்பவர் மாட்டிக்கொள்கிறார்.

தொழில்முறை நடிகரே வேண்டாம் என்றவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்தார்கள். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தில் தெ சிகா ஓர் ஆலைத் தொழிலாளியை நாயகனாக்கினார். பிரான்சின் ரொபேர் ப்ரெஸ்ஸோன் தன் படங்களில் வருபவர்களை நடிகர்கள் என்று அழைக்கவே மறுத்து ‘மாடல்’ என்றார். அர்த்தம் தேய்ந்து வெறும் பழக்கமாகும்வரை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். தமிழில் மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ (2015), பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ (2021) ஆகியவை இந்த வரிசையில் பேசத் தக்கவை. ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்ற ‘கூழாங்கல்’லில் ஒரு குடிகார அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள். கதை பெரும்பாலும் அவ்வளவுதான். பின்னாலிருந்து தொடரும் நீண்ட ஷாட்டுகளில் அப்பனின் கோபம் முகத்தைவிடக் குதிகாலில் தெரிகிறது. பையன் எவ்வளவு தூரம் விட்டு நடக்கிறான் என்பதிலேயே பயமும் பழியும் அளக்கப்படுகின்றன.

நேரம் என்ற கருவியைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனது ஷந்தால் அக்கெர்மானின் ‘ழான் தீல்மான்’ (1975). 201 நிமிடம். 2022-ல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்ற படம். ஒரு விதவை மூன்று நாள் சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், விளக்கை அணைக்கிறாள். பிற்பகலில் வீட்டுக்கு வரும் ஆண்களிடம் பணம் வாங்குவதும் அதே ஒழுங்கோடு நடக்கிறது. முதல் நாள் முழுக்க தெல்ஃபின் செரிக்கின் கைகள் தப்பே செய்வதில்லை. பார்ப்பவர் சலித்துக்கொண்டே அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்கிறார். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது. பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அறை அறையாகத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். மூன்றாம் நாள் ஒரு பொத்தான் போடாமல் விட்டுப்போகிறது. வேறெந்தப் படத்திலும் யாரும் கவனிக்காத அந்தப் பொத்தான் இங்கே வயிற்றைக் கலக்குகிறது. சலிப்பும் லயிப்பும் எதிரிகள் என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தைப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. முதல் ஒரு மணி நேரத்தில் எழுந்துபோகத் தோன்றுவதும் நியாயம்தான்.

படப்பிடிப்போடு நடிப்பு முடிந்துவிடுவதும் இல்லை. ‘தி கான்வர்சேஷன்’ (1974) படத்தைத் தொகுத்த வால்டர் மர்ச், தான் வெட்ட நினைத்த இடமும் ஜீன் ஹாக்மன் கண் சிமிட்டிய இடமும் அடிக்கடி ஒட்டி வருவதைக் கவனித்தார். ஒரு நினைப்பு முடிந்து இன்னொன்று தொடங்கும்போது கண் மூடித் திறக்கிறது என்பது அவர் கண்டது. நடிகர் உண்மையில் யோசித்துக்கொண்டிருந்தால் எங்கே வெட்டுவது என்று அவர் இமையே சொல்லிவிடும். தமிழில் இதற்கு ஒரு தனித் தடை நெடுங்காலம் இருந்தது, இன்னும் முற்றிலும் போகவில்லை. ஸ்பாட்டில் உதவி இயக்குநர் பக்கத்திலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுக்க, நடிகர் அதைக் கேட்டுச் சொல்வார். கேட்கும் அந்த அரை நொடியில் கண் வெறுமையாகிவிடும். எதிரில் நிற்பவர் பேசுவதைக் கேட்கும் முகம் அங்கே கிடைக்காது. பின்னர் டப்பிங் அறையில் குரல் வேறொருவருடையதாகவும் இருக்கலாம். இதனால் எப்போதும் நட்டம் என்று சொல்லிவிட முடியாது. ‘முதல் மரியாதை’யில் நாயகி குயிலின் முகம் ராதாவுடையது, குரல் ராதிகாவுடையது. இரண்டும் ஒட்டியதில் தையல் தெரியவில்லை.

தமிழ்த் தியேட்டரில் லயிப்பைக் கலைக்கும் பெரிய விஷயம் இடைவேளை என்று ஒருவர் நினைக்கலாம். ஆனால் கதாசிரியர்கள் அதை வைத்தே ‘இன்டர்வெல் பிளாக்’ என்று ஒரு வடிவத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். உச்சத்தில் நிறுத்தி, பாப்கார்ன் வாங்கும்போதும் மனதில் ஓட விடுவது. நட்சத்திரத்தின் அறிமுகக் காட்சிக்கு விசிலடிப்பவரும் லயித்துத்தான் இருக்கிறார். ஆனால் அது பாத்திரத்துக்குள் போகும் லயிப்பல்ல, தெரிந்த ஒருவரை மறுபடி சந்திக்கும் குதூகலம். இரண்டையும் ஒரே படத்தில் எதிர்பார்த்து வருகிற கூட்டத்துக்கு முன்னால், நட்சத்திரத்தை மறக்கடிக்கச் சில நிமிடங்களாவது ஆகும் என்பதை இயக்குநர் கணக்கில் வைத்தாக வேண்டும்.

லயிப்பையே படமாக எடுத்தவர் ஈரானின் அப்பாஸ் கியாரோஸ்தமி. ‘ஷிரின்’ (2008) முழுக்க ஓர் இருட்டு அரங்கில் படம் பார்க்கும் பெண்களின் முகங்கள் மட்டுமே வருகின்றன. நூறுக்கும் மேற்பட்ட நடிகைகள், அவர்களில் ஒருவர் ஜூலியட் பினோஷ். அவர்கள் பார்க்கும் பாரசீகக் காதல் கதை நமக்கு ஒலியாக மட்டுமே கேட்கிறது. ஒருத்தி உதட்டைக் கடிக்கிறாள், ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்கிறாள், ஒருத்தியின் கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது, அவள் துடைப்பதில்லை. திரையின் வெளிச்சம் அவர்கள் முகத்தில் மாறி மாறி விழுகிறது. உண்மையில் அவர்கள் எதிரே எந்தப் படமும் ஓடவில்லை. அந்தக் கதை, முகங்களை எடுத்து முடித்த பிறகே ஒலியாகச் சேர்க்கப்பட்டது.